நீர்மோர்ப் பந்தல் போடும் அண்ணன்களுக்கு

வட்டச் செயலாளர்களுக்கும் ரசிகர் மன்றத்து அண்ணன்களுக்கும் வணக்கம்.

பங்குனி பிறந்தால் எங்கள் வேலூருக்கு இரண்டு தப்பாமல் வரும்: வெயிலும் உங்கள் பந்தலும். ஊரையே ‘வெயிலூர்’ என்று கேலி பேசுகிற எங்களுக்குப் பந்தலைக் குறை சொல்ல மனசு வராது. திறப்பு விழாவன்று தர்பூசணி, வெள்ளரிப் பிஞ்சு, மோர், போட்டோ. நாலாம் நாள் போனால் பானையில் கால்வாசித் தண்ணீர், சங்கிலி கட்டிய டம்ளர். ஃபிளெக்ஸ் மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். சரி, சண்டை போட எழுதவில்லை.

பந்தல் நிற்கிற இடம்தான் என் கவலை. பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறவருக்கு நடக்கவாவது தெம்பு இருக்கிறது. வெயில் சாய்த்துவிடுகிற பலர் தெருவுக்கே வருவதில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. மதியம் ஃபேனைப் போட்டால் ஷீட்டின் அனல்தான் கீழே இறங்குகிறது. ராத்திரி பதினோரு மணிக்கும் சுவரில் கை வைக்க முடியாது. “தண்ணி குடிச்சா அடிக்கடி போவணும், கக்கூஸ் அந்தக் கோடியில கீது” என்று தொண்டை நனைகிற அளவுக்குத்தான் குடிக்கிறார். போதாததற்கு, பிரஷருக்கு அவர் போடுவது நீர் பிரியும் மாத்திரை. வயசானால் தாகமே சரியாகத் தெரியாது, வியர்ப்பதும் குறைந்துவிடும். உடம்புச் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பேச்சு குழறும், நினைவு தப்பும். எட்டிப் பார்க்கிறவர் “பாட்டி தூங்குது” என்று போய்விடுவார்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்லதுதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே பிரிகிற இந்த உயிர்களை ‘வயசாகிவிட்டது’, ‘மாரடைப்பு’ என்று சொல்லித்தானே தூக்கிப்போகிறோம்? அகமதாபாத்தில் 2010 மே மாத வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தது, மொத்தச் சாவுக் கணக்கை முந்தைய ஆண்டுகளோடு வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அந்த ஊர் 2013இல் வெயிலுக்கென்றே செயல்திட்டம் போட்டது அதற்கப்புறம்தான்.

உங்களிடம் ஒரு பொக்கிஷம் இருக்கிறது அண்ணே. பூத் வாரியாக வாக்காளர் பட்டியல். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், யார் படுத்த படுக்கை என்பதெல்லாம் உங்கள் பையன்களுக்கு அத்துப்படி. ஓட்டுப் போடுகிற அன்றைக்கு ஆட்டோ அனுப்பிக் கூட்டிப்போகிறீர்களே! கத்திரி வெயில் முடிகிறவரை அதே பட்டியலோடு தினமும் மதியம் இரண்டு பேரை அனுப்புங்கள். கதவைத் தட்டட்டும், பேச்சுக் கொடுக்கட்டும், கையோடு மோரோ பானைத் தண்ணீரோ கொண்டுபோகட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கலர் ஜூஸ் மட்டும் வேண்டாம். பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐக் கூப்பிட்டு, வண்டி வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறச் சொல்லுங்கள்.

அப்புறம், விழா முடிந்த ஃபிளெக்ஸைச் சுருட்டி வைக்காதீர்கள். பாட்டி வீட்டு ஷீட்டுக்கு மேலே கொஞ்சம் உயர்த்திப் பந்தல் மாதிரி கட்டிக் கொடுங்கள். தலைவர் படம் தெருவைப் பார்த்து இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.

இப்படிக்கு,
உங்கள் பந்தலில் வருஷா வருஷம் மோர் குடிக்கிறவன்