செல்விக்கு, அல்சூரிலிருந்து

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லாரும் நலம். அங்கே அத்தைக்கு முட்டிவலி தேவலையா? பெரியவன் பத்தாவது என்று எழுதியிருந்தாய், நம்பவே முடியவில்லை.

சொந்தமாகத் தையல் யூனிட் போடப்போவதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பொம்மனஹள்ளி கார்மென்ட்ஸில் டார்கெட் முடியாமல் நீ அழுத நாளிலேயே இதைச் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். கட்டாயம் செய். ஆனால் மானியக் கடன் வாங்கித் தர ஐயாயிரம் கேட்கிறான் என்று எழுதியிருந்தாயே, அந்த ஏஜென்டிடம் காசு கொடுத்துவிடாதே.

அவன் சொல்வது பி.எம்.இ.ஜி.பி., புதிதாகத் தொழில் தொடங்க மத்திய அரசு மானியத்தோடு பேங்க் கடன் தரும் திட்டம். 2008லிருந்து இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவும் இலவசம், அதற்கும் யாராவது ஐந்நூறு, ஆயிரம் கேட்டால் கொடுக்காதே.

கிராமத்தில் தொடங்கும் பெண்ணுக்குத் திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம் என்று அவன் சொன்னது உண்மைதான். இங்கே பெங்களூரில் எனக்கென்றால் 25தான். ஆனால் அது கையில் வருகிற பணம் இல்லை. நாலு லட்சத்துக்குத் திட்டம் போடுகிறாய் என்று வை. உன் பங்கு 5 சதவீதம், இருபதாயிரம். மீதி 3,80,000 பேங்க் கடன். மானியம் 1,40,000 அதே பேங்கில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும். அந்தத் தொகைக்கு உன்னிடம் வட்டி வாங்க மாட்டார்கள், அவ்வளவுதான். மூன்று வருஷம் கழித்து யூனிட் ஓடுகிறதா என்று வந்து பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். நடுவில் மூடிவிட்டால் மானியம் திரும்பிப் போய்விடும், கடன் உன் தலையில். இதையெல்லாம் அவன் சொன்னானா?

என்னைக் கேட்டால் முதலில் முத்ரா போதும், அதுவும் சிறு தொழிலுக்கு பேங்க் தரும் அரசுத் திட்டக் கடன்தான். அதில் சிசு என்கிற முதல் வகையில் ஐம்பதாயிரம் வரை தருவார்கள். செகண்ட் ஹேண்டில் ஒரு பவர் மிஷினும், ஓரம் அடிக்க ஓவர்லாக் மிஷினும் வாங்கிவிடலாம். அடமானம் கேட்கக்கூடாது, இந்த மாதிரிச் சின்னத் தொழில் கடனுக்குப் பத்திரமோ நகையோ கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மேனேஜர் நிலப் பட்டா கொண்டு வா என்றால் இதைத் தைரியமாகச் சொல். முத்ராவை ஒழுங்காக அடைத்து லாபம் காட்டினால், பிறகு பெரிதாக்குவதற்கு பி.எம்.இ.ஜி.பி.யிலேயே 15 சதவீத மானியத்தோடு கடன் கேட்க வழி இருக்கிறது. வாரக்கடன்காரர்கள் வீடு தேடி வந்து தருகிறார்கள் என்று மட்டும் வாங்காதே. என் பக்கத்து வீட்டு அக்கா தவணை நாளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன்.

இப்போது கடனைவிட முக்கியமானது. கார்மென்ட்ஸில் நீ எட்டு வருஷம் காலர் மட்டும்தான் வைத்தாய். நான் சட்டைக்குக் கை மூட்டினேன். லைனில் ஒருத்திக்கு ஒரே வேலை. கையில் வேகம் வரும், முழுத் துணி வராது. வெளியே வந்து முதல் பிளவுஸ் வெட்டும்போதுதான் அது தெரியும். அளவு பிளவுஸைப் பரப்பி வைத்து, கைக்குழியை அரை இஞ்ச் அதிகமாக வெட்டிவிட்டால் அக்குளில் சுருக்கம் விழும், என்ன பிரித்துத் தைத்தாலும் போகாது. கழுத்து இறக்கம், டாட் என்கிற மார்பு மடிப்பு எங்கே நிற்க வேண்டும், பட்டி எவ்வளவு என்று ஒவ்வொருத்தி உடம்புக்கும் கணக்கு வேறு. கட்டிங் தெரியாமல் மிஷின் வாங்கினால் கட்டிங் மாஸ்டருக்குச் சம்பளம் கொடுத்தே தீர்ந்துவிடும்.

இதற்கு நல்ல வழி ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம். 1982ல் கர்நாடகாவில் தர்மஸ்தலா பக்கம் உஜிரேயில் தொடங்கின ருட்செட்டி என்கிற பயிற்சி நிலையத்தின் மாதிரியில், இப்போது மாவட்டத்துக்கு ஒன்று என்று பேங்குகளே நடத்துகின்றன. பெண்கள் தையல் ஒரு மாதப் பயிற்சி, சாப்பாடும் தங்குவதும் இலவசம். முடித்த பிறகும் இரண்டு வருஷம் விசாரித்துக்கொண்டிருப்பார்கள், கடன் விண்ணப்பத்துக்கும் கூட நிற்பார்கள். பேங்கில் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு. உன் மகளிர் குழுவிலேயே இதற்குப் பெயர் கொடுக்கச் சொல்வார்கள், கேட்டுப் பார்.

என் கடை நன்றாகப் போகிறது. முகூர்த்த மாதங்களில் ராத்திரி பதினொன்று ஆகிவிடும். ஆரி எம்பிராய்டரி வேலைக்கு இரண்டு பெண்கள் வருகிறார்கள், ஒருத்தி ஆம்பூர். லைனிங், ஹூக், நூல் எல்லாம் சிக்பேட்டையில்தான். அங்கே ஒரு கடைக்காரர் மாதக் கடைசிவரை கடனுக்குத் தருகிறார்; வாங்கினதைத் தேதி போட்டுக் குறித்து, சொன்ன நாளில் கொடுத்துவந்ததால் கிடைத்த நம்பிக்கை அது. எந்தத் திட்டத்திலும் கிடைக்காத உதவி என்று நான் நினைப்பது இதைத்தான். நீயும் பர்கூரில் ஒரே கடையில் வாங்கிப் பழகு.

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது 32லிருந்து 42 சைஸ் வரை பிளவுஸ் பேட்டர்ன் அட்டைகளை எடுத்து வருகிறேன். அதற்குள் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிடு. மிஷின் கொட்டேஷன் வாங்கினால் போட்டோ எடுத்து அனுப்பு, விலை சரியா என்று இங்கே விசாரித்துச் சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்
மாலா