எழுதினால் எங்கே போகிறது என்று சொல்லுங்கள்

எட்ஜ் டேட்டாபேஸ் சேவை நடத்தும் நிறுவனங்களுக்கு,

வணக்கம். சிறு கடைகளுக்கு இணையச் செயலி செய்து கொடுப்பவன் நான். தரவுத்தளத்தின் நகல்களைப் பயனர்களுக்குப் பக்கத்திலேயே வைப்பது என்ற உங்கள் அடிப்படை யோசனையில் எனக்குக் குறையில்லை. ரிச்சர்ட் ஹிப் 2000-இல் வெளியிட்ட எஸ்கியூலைட் என்ற தரவுத்தள மென்பொருளில் தரவு முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். அதன் நகலைப் பல ஊர்களில் வைத்தால் பக்கத்திலிருந்தே பதில் வரும். கண்ணாடி இழையில் ஒளியே நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ.தான் ஓடுகிறது. சென்னையிலிருந்து அமெரிக்காவின் வர்ஜீனியாவிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்ப 130 மில்லிநொடியாவது ஆகும். ஒரு பக்கம் திறக்கத் தரவுத்தளத்துக்கு ஐந்து கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போனால், அரை நொடிக்கு மேல் வழியிலேயே போய்விடும்.

ஆனால் நீங்கள் விளம்பரப்படுத்தும் வேகம் படிப்பதற்கானது. கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டி1 சேவை ஆகட்டும், டர்ஸோ நிறுவனத்தின் எம்பெடட் ரெப்ளிகா (செயலியோடு சேர்த்தே வைக்கும் நகல்) ஆகட்டும், எழுதுவது, அதாவது தரவைச் சேர்ப்பதும் மாற்றுவதும், வழக்கமாக ஒரே முதன்மைப் பிரதிக்குத்தான் போகிறது. நகல்கள் அதைப் பின்னால் பிடிக்கின்றன.

இது எனக்குப் புரிந்தது ஒரு வாடிக்கையாளர் டெலிவரி முகவரியை மாற்றியபோது. சேமித்தார், பக்கத்தைப் புதுப்பித்தார், பழைய முகவரியே நின்றது. மறுபடி மாற்றினார், மறுபடியும் அதே கதை. அப்புறம் கடைக்காரருக்கு போன், எனக்குத் திட்டு. நகல் சில நொடி பின்தங்கியிருந்தது, அவ்வளவுதான்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. டி1-இல் செஷன்ஸ் ஏபிஐ என்ற வசதி, தரவு எதுவரை எழுதப்பட்டது என்பதைக் குறிக்கும் ஒரு அடையாளத்தை (புக்மார்க்) தருகிறது. அடுத்த கோரிக்கையில் அதைத் திருப்பிக் கொடுத்தால், அந்த இடத்தை இன்னும் எட்டாத நகலிலிருந்து பதில் வராது. அந்த அடையாளத்தை பிரவுசரின் குக்கீயிலோ, கோரிக்கையோடு போகும் ஹெடரிலோ பத்திரமாக வைப்பது என் வேலை. சரி, செய்கிறேன். ஆனால் இதை முதல் பக்கத்திலேயே சொல்லக் கூடாதா? நகல் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்பதையும் ஊர்வாரியாக டாஷ்போர்டில் காட்டுங்கள்.

வாடிக்கையாளர்கள் எல்லாரும் தமிழ்நாட்டில்தான் என்றால் நகல்களே வேண்டாம், மும்பையில் ஒரு சாதா போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் போதும். இதையும் நீங்களே சொன்னால் உங்கள் மேல் மதிப்பு கூடும்.

இன்னொன்று. 2025 மே மாதம் ஃபானா என்ற தரவுத்தளச் சேவை மூடப்பட்டது. தரவைக் கேட்டு எடுக்க அதற்கென்று தனி வினவல் மொழி இருந்ததால், தரவை எடுத்து வந்தாலும் வினவல்களைத் திரும்ப எழுத வேண்டும். உங்களிடம் இருப்பது எஸ்கியூலைட். என் தரவு முழுவதையும் ஒரே கட்டளையில் இறக்கிக்கொள்ளும் வழியை, விலைப்பட்டியலுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

இப்படிக்கு,
மாதாமாதம் உங்களுக்குப் பணம் கட்டும் ஒருவன்