கசாயத்தைத் துப்பிய மகள் எழுதுவது

ஹோ சி மின் நகரம்,
ஜூன் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கேன். இதைப் போன்ல சொல்ல ஆரம்பிச்சா நீ பாதியில "சரி சரி, சாப்பிட்டியா"ன்னு பேச்சை மாத்திருவ. அதான் உக்காந்து எழுதுறேன். கண்ணாடியைத் தேடாத, அப்பாவைச் சத்தமா வாசிக்கச் சொல்லு.

இங்க மழைக்காலம் ஆரம்பிச்சாச்சு. மத்தியானத்துக்கு மேல இருட்டிக்கிட்டு வந்து ஒரு மணி நேரம் கொட்டும். பைக்குல போறவங்க ஓரமா நிறுத்தி, சீட்டுக்கு அடியில இருந்து மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க. பிள்ளையை வச்சு ஓட்டுற அம்மாமாருக்கு ரெண்டு தலைக்கு ரெண்டு ஓட்டை வச்ச கோட்டுகூட இருக்கு. முதல்ல பாத்தப்ப சிரிப்பு அடக்க முடியல. மழை வந்தா பின்னாலேயே டெங்கும் வரும். இங்க அதுக்கு "ஸொத் ஸ்வத் ஹுயெத்"னு பேரு, ரத்தம் கசியுற காய்ச்சல்னு அர்த்தம். எங்க தெருவுல கீரை விக்கிற பாட்டி வாயில இந்த ஒரு மாசமா அந்தப் பேச்சுதான்.

எனக்கும் தம்பிக்கும் சேந்தே டெங்கு வந்துச்சே, போன வாரமும் நீ அதையே கேட்ட: "ஒரே வீடு, ஒரே கொசு, உன்னை மட்டும் ஏன் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரைக்கும் தூக்கிக்கிட்டு ஓடணும்?" பதிலும் நீயே வச்சிருக்க: தம்பி நிலவேம்புக் கசாயத்தை மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிச்சான், நான் கொல்லையில துப்பினேன். 2012-ல கடையநல்லூர் முழுக்கக் காய்ச்சலாக் கிடந்தப்ப எனக்குப் பதினோரு வயசு. துப்பினது நிஜம்தான். ஆனா அதுக்காக இல்லம்மா.

நாலாம் நாள் காய்ச்சல் விட்டுச்சு, ஞாபகம் இருக்கா? "அப்பாடா"ன்னு நீ கஞ்சி வச்சுக் குடுத்த. சாயங்காலம் வயித்து வலி, வாந்தி, கையும் காலும் ஐஸ் மாதிரி ஆயிருச்சு. காய்ச்சல் விட்டதை நம்பி அசந்துட்டேனேன்னு நீ சித்திகிட்ட அழுதது பக்கத்துக் கட்டில்ல இருந்த எனக்குக் கேட்டுச்சு. டெங்கு ஆபத்தாகுறதே காய்ச்சல் இறங்குற அந்த ஒண்ணு ரெண்டு நாள்லதான். ரத்தக்குழாய்ச் சுவர் இளகி, ரத்தத்துல இருக்க தண்ணியும் புரதமும் வெளியே கசியும். பிள்ளைங்களுக்குப் பெரியவங்களைவிடச் சீக்கிரம் கசியும். இங்க ஒரு ஆஸ்பத்திரி லேபுல பாத்தேன். ஊசி கனத்துக் கண்ணாடிக் குழாயில பிள்ளையோட ரத்தத்தை ஏத்திச் சுத்த விடுவாங்க. கீழ சிவப்பு படியும், மேல வெளிர் மஞ்சள் நிக்கும். கசிய கசிய மஞ்சள் குறைஞ்சு சிவப்பு ஏறிக்கிட்டே போகும். ஒரு நர்ஸ் அந்தக் குழாயை அளவு அட்டை மேல வச்சு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பாத்தப்ப, நம்ம ஊர் நகைக்கடையில தராசு முள்ளைப் பாக்குற ஆசாரி ஞாபகம் வந்தாரு.

நீ கேட்ட கேள்வியை இந்த ஊர்லயே பெரிசா கேட்டுப் பாத்திருக்காங்கம்மா. டெங்குல அதிர்ச்சி நிலைக்கு, அதாவது கசிஞ்சு கசிஞ்சு ரத்த ஓட்டமே விழுந்துபோற நிலைக்குப் போன 2,008 வியட்நாம் பிள்ளைங்களோட டிஎன்ஏ ஒரு பக்கம், ஒப்பிட்டுப் பாக்க 2,018 பேரோடது இன்னொரு பக்கம். இந்த ரெண்டாவது கூட்டத்துக்கு எடுத்தது புதுசாப் பிறந்த குழந்தைங்களோட தொப்புள்கொடி ரத்தம். இங்க இருக்க ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சிப் பிரிவும் சிங்கப்பூர் மரபணு நிறுவனமும் சேந்து 2011-ல முடிவை வெளியிட்டாங்க. மனுஷனோட அத்தனை குரோமோசோமையும் சல்லடை போட்டுச் சலிச்சதுல ரெண்டு இடம் தட்டுப்பட்டுச்சு.

ஒண்ணு ஆறாவது குரோமோசோம்ல, எம்ஐசிபின்னு ஒரு மரபணு. கிருமி புகுந்த செல்லு "நான் கெட்டுட்டேன், என்னைக் கொன்னுரு"ன்னு வெளியில ஒரு கொடியைக் கட்டும். காவலுக்குச் சுத்துற செல்லுங்க அந்தக் கொடியைப் பாத்துத்தான் வந்து அடிக்கும். அந்தக் கொடியைச் செய்யுற மரபணு இது. இன்னொண்ணு பத்தாவதுல, பிஎல்சிஇ1. இதுதான் என்னை நிமிந்து உக்கார வச்சுச்சு. இதே மரபணு முழுசாப் பழுதானா சில பிள்ளைங்களுக்குச் சிறுநீரக வடிகட்டி பிஞ்சு, புரதம் மூத்திரத்துல போயி உடம்பு வீங்கும். அங்கயும் கசிவு, இங்கயும் கசிவு!

உடனே "என் ரத்தத்துலதான் கோளாறா"ன்னு ஆரம்பிச்சிராத. அந்த முதல் மரபணுவுல ஒரு டிஎன்ஏ எழுத்து மாறி இருந்தா அதிர்ச்சிக்குப் போற ஆபத்து கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு கூடுது, அவ்வளவுதான். அது இருந்தும் சும்மா தப்பிச்சவங்கதான் அதிகம். நீயும் அப்பாவும் ஒரே சீட்டுக்கட்டைத்தான் குடுத்தீங்க. எனக்கு விழுந்த சீட்டு வேற, தம்பிக்கு விழுந்த சீட்டு வேற. எனக்கு அந்த எழுத்து இருக்கான்னு நான் பாக்கல. பாத்து என்ன செய்ய?

போன ஞாயிற்றுக்கிழமை ட்ருவாங் டின் தெருவுல இருக்க மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். அந்தக் காலத்துல இங்க வந்த நம்ம ஆளுங்க கட்டின கோயில், இப்பக் கும்பிட வர்றவங்கள்ல நிறையப் பேரு வியட்நாம்காரங்க. ஒரு அம்மா சுவத்துல நெத்தியை முட்டு வச்சு எதையோ ரகசியமாச் சொல்லிக்கிட்டே நின்னாங்க, எனக்குப் பின்னால வந்தவங்க எல்லாம் போன பிறகும் நின்னாங்க. யாருக்குக் காய்ச்சலோ. எனக்கு நீ நம்ம ஊர் அம்மனுக்கு மஞ்சத்துணியில காசு முடிஞ்சதுதான் கண்ணுல நின்னுச்சு.

இப்ப விஷயத்துக்கு வாரேன். தம்பி சென்னை ஹாஸ்டலுக்குப் போறான். "அவனுக்கென்ன, அவன் உடம்பு இரும்பு, டெங்கையே ஜெயிச்சவன்"னு நீ ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்க. அங்கதான் பயமா இருக்கு. டெங்குல நாலு வகை. ஒண்ணு வந்தா அந்த ஒண்ணுக்கு மட்டும்தான் காவல். அடுத்த தடவை வேற வகை வந்தா, பழசுக்கு உடம்பு செஞ்சு வச்ச எதிர்ப்பொருள் அதைச் சரியாப் பிடிக்காது, கையைப் பிடிச்சுச் செல்லுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போயி விட்டுரும். கியூபாவுல 1977-ல முதல் வகை வந்துச்சு, சேதம் பெரிசா இல்ல. 1981-ல ரெண்டாவது வகை வந்தப்ப 158 பேர் செத்தாங்க, அதுல 101 பேர் பிள்ளைங்க. அதே ஊர்கள்ல வாழ்ந்த கறுப்பினத்தவங்களுக்கு வெள்ளைக்காரங்களைவிடக் கடுமையா வந்தது குறைவுன்னு அங்க இருந்த டாக்டருங்க குறிச்சு வச்சாங்க. பிறவியில வந்த ஏதோ ஒண்ணும் கலந்திருக்குன்னு யோசிக்க வச்சதுல அதுவும் ஒண்ணு. ஆனா ரெண்டாம் தடவைங்கிறது இந்த எழுத்து மாத்தத்தைவிடப் பெரிய விஷயம்மா.

எனக்கு மூணாம் வகுப்புல ஒரு காய்ச்சல் வந்துச்சே, பேரே வைக்காத காய்ச்சல்? டாக்டரு வெறும் காய்ச்சல்னுட்டாரு. அதுதான் என் முதல் டெங்கா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது. அப்படின்னா 2012-ல எனக்கு ரெண்டாவது, தம்பிக்கு முதல். அவனோட ரெண்டாவது இனிமேதான் வரணும்.

அதனால அவன் பெட்டியில கசாயப் பொடி வச்சாலும் வை, கூட இதையும் ஒரு சீட்டுல எழுதி வை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோட. ஆஸ்பிரின், புரூஃபன் தொடவே கூடாது. காய்ச்சல் விட்டதும் படிக்கப் போயிராம ரெண்டு நாள் யார் கண்ணுலயாவது இருக்கணும். வயித்து வலி, நிக்காத வாந்தி, பல் ஈறுல ரத்தம், கைகால் சில்லிடுறது, இதுல எது வந்தாலும் நடுராத்திரியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். என்கிட்ட சொன்ன மாதிரி "பயந்தாங்கொள்ளி"ன்னு அவன்கிட்டயும் சொல்லி வைக்காத.

அங்க சாரல் விழ ஆரம்பிச்சிருக்கும். கொல்லையில அந்த உடைஞ்ச ஆட்டுக்கல் இன்னும் குழி மேல பாத்துத்தானே கிடக்கு? அப்பாவை ஒரு கை பிடிக்கச் சொல்லி இன்னைக்கே அதைக் கவுத்திப் போடு.

அன்புடன்,
உன் மக