ஸ்போர்ட்ஸ் காரைக் குலுக்கல் பரிசாக்கிவிடாதீர்கள்

ஜப்பான் வாகன உற்பத்தியாளர் சங்கத்தின் தலைவருக்கும், அதன் உறுப்பு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

2025 ஆகஸ்ட் 26 அன்று தோச்சிகி ஆலையில், நிசான் நிறுவனத்தின் உச்ச ஸ்போர்ட்ஸ் காரான ஜி.டி.ஆர் ஆர்35இன் கடைசி கார் உருவாகி வெளிவந்தது. 2007இல் தொடங்கி பதினெட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 48,000 கார்கள். அத்தனை கார்களின் எஞ்சின்களையும் யோகோஹாமா ஆலையில் ஒன்பது கைவினைஞர்களே கையால் பூட்டினார்கள் என்பதையும், பூட்டியவரின் பெயர் பொறித்த தகடு ஒவ்வொரு எஞ்சினிலும் இருப்பதையும் உலகெங்கும் உள்ள கார் பிரியர்கள் அன்று நினைவுகூர்ந்தார்கள். நானும் வருந்தினேன். ஆனாலும் இந்த மடல் அந்தக் காருக்காக எழுதப்படவில்லை. ஜி.டி.ஆர் என்ற பெயர் திரும்பி வரும் என்று அதைச் செய்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கோடிகளில் விலைபோகும் கார்களுக்கு வாங்குபவர்களும் என்றும் இருப்பார்கள். என் கவலையெல்லாம் அதற்குப் பல படிகள் கீழே, மாதச் சம்பளக்காரர் ஒருவர் கடன் வாங்கியாவது எட்டிப்பிடிக்கக்கூடிய இடத்தில் நிற்கும் கார்களைப் பற்றியது.

உங்கள் நாட்டில் வேலை செய்து, கானகாவா மாகாணத்தில் குடியிருந்து, 1.5 லிட்டர் எஞ்சின் கொண்ட மாஸ்டா ரோட்ஸ்டர் என்ற, கூரை திறக்கும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை ஓட்டிவரும் தமிழன் நான். ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் எங்களை ஏன் இழுக்கிறது என்பதை நீங்கள் விளம்பரங்களில் சொல்லும் காரணங்களும், ஓட்டுகிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் காரணங்களும் ஒன்றாக இல்லை. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் எத்தனை வினாடிகளில் சுற்றியது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நேர்கோட்டில் முந்துவதுதான் கணக்கென்றால், குடும்பத்தோடு கடைக்குப் போகும் மின்சார செடான்களே இன்று உங்கள் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றை முந்திவிடும். அதைத் தெரிந்துகொண்டேதான் நாங்கள் உங்களிடம் வருகிறோம்.

எங்கள் காரணம் எடையில் தொடங்குகிறது. நான்காம் தலைமுறை ரோட்ஸ்டர் 2015இல் விற்பனைக்கு வந்தபோது அதன் அடிப்படை வகை 990 கிலோ எடையும் ஏறத்தாழ 25 லட்சம் யென் விலையும் கொண்டிருந்தது. மோதல் பாதுகாப்பு விதிகள் இறுகிக்கொண்டே வந்த காலத்தில் ஒரு டன்னுக்குள் ஒரு காரை அடக்குவது எளிய காரியம் அன்று. அதற்காகப் பொறியாளர்கள் எங்கெங்கே கைவைத்தார்கள் என்பதைக் காரைச் சுற்றி வந்து பார்த்தாலே தெரியும். முந்தைய தலைமுறையில் சக்கரத்துக்கு ஐந்து போல்ட்டுகள் இருந்தன, இதில் நான்கு. அந்த முந்தைய தலைமுறையிலேயே கூட, ஓட்டுநர் பின்னால் பார்க்கும் உட்புறக் கண்ணாடியில் 84 கிராமைக் குறைத்துவிட்டுப் பெருமைப்பட்ட கூட்டம் அது. 84 கிராமை எந்த ஓட்டுநரும் உணரப்போவதில்லை என்பது உண்மைதான். ஆனால் கண்ணாடியில் கிராம் கணக்குப் பார்க்கிறவர், இருக்கையிலும் பம்பரிலும் பெட்ரோல் டேங்கிலும் கிலோவை விட்டுவிட மாட்டார்.

2021 இறுதியில் இந்தக் காரில் சேர்ந்த ஓர் ஏற்பாட்டையும் சொல்லியாக வேண்டும். வளைவில் கார் வேகமாகத் திரும்பும்போது, உட்புறப் பின்சக்கரத்தின் பிரேக் மட்டும் மிக லேசாகப் பிடிக்கிறது. பின் சஸ்பென்ஷன், அதாவது சக்கரங்களைக் காரோடு இணைத்துத் தாங்கும் அமைப்பு, அமைந்துள்ள விதத்தால், அந்தச் சிறு பிடியே காரின் பின்பகுதியைக் கீழே இழுத்து, அது எழும்புவதையும் சாய்வதையும் குறைத்துவிடுகிறது. இதற்கென்று புதிதாக ஒரு பாகமும் பூட்டவில்லை, எடையும் கூடவில்லை. ஹகோனே மலைப்பாதையில் இறங்கும்போது, வளைவுக்கு முன் பிரேக்கை அழுத்தியபடியே வலது பாதத்தின் ஓரத்தால் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி, கிளட்ச்சை விட்டு, மூன்றிலிருந்து இரண்டாம் கியருக்கு வந்து ஸ்டியரிங்கைத் திருப்பினால், பின்பக்கம் அடங்கி உட்காருவது இருக்கையின் வழியே முதுகுக்குத் தெரிகிறது. எஞ்சினில் இருப்பது 130 சொச்சம் குதிரைத்திறன். அந்தத் திறன் முழுவதையும், எஞ்சின் சுழற்சியின் உச்ச வரம்பான சிவப்புக் கோடு வரை பயன்படுத்திவிட்டு, எந்த விதியையும் மீறாமல் மலையிறங்கி வர முடிகிறது. 600 குதிரைத்திறன் கொண்ட கார் வைத்திருப்பவர் பொதுச் சாலையில் அதில் கால்பங்கைக்கூடத் தொட முடியாமல் வீடு திரும்புகிறார்.

இரு நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய டொயோட்டா ஜி.ஆர்.86, சுபாரு பி.ஆர்.இசட் இரட்டையர்களின் கதை சற்று வேறு. 2012இல் வந்த முதல் தலைமுறையின் 2 லிட்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 4,000 சுழற்சிக்கு அருகே மூச்சுத் திணறுவதாக ஓட்டியவர்கள் எல்லோரும் ஒரே குரலில் புலம்பினார்கள். இதற்குத் தீர்வாக, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவைப் பூட்டி விலையையும் எடையையும் ஏற்றிவிடுவார்கள் என்றே பலரும் எதிர்பார்த்தோம். நீங்களோ எஞ்சினை 2.4 லிட்டராக்கி, 6,400 சுழற்சிக்கு மேல் கிடைத்த உச்ச முறுக்குவிசையை, அதாவது எஞ்சினின் இழுவிசையை, 3,700க்கு இறக்கிக்கொண்டு வந்தீர்கள். குறையைக் காதில் வாங்கிக்கொண்டீர்கள். காரின் குணத்தையும் கெடுக்கவில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது, 2021இல் இரும்புச் சக்கரங்களோடு 28 லட்சம் யென்னுக்குச் சற்றுக் குறைவாக நீங்கள் விலைப்பட்டியலில் வைத்த ஆர்.சி. வகை. வாங்கி, தன் கையால் மாற்றிப் பூட்டிக்கொள்ளப்போகிற இளைஞருக்காகவே ஒரு வகையை வைத்திருக்கும் நிறுவனங்கள் உலகில் மிகக் குறைவு.

டொயோட்டா ஜி.ஆர். யாரிஸ், ஹோண்டா சிவிக் டைப் ஆர், நிசான் ஃபேர்லேடி இசட் ஆகியவற்றைப் பற்றியும் பக்கக்கணக்கில் எழுதலாம். ராலிப் பந்தய விதிக்காகப் பிறந்து, மோட்டோமாச்சி ஆலையில் கன்வேயர் இல்லாமல் நிலையம் நிலையமாக நகர்ந்து உருவாகும் யாரிஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் என் கண்ணுக்கு இந்தத் தலைமுறையின் மிகத் துணிச்சலான வேலை. ஆனால் இங்குதான் என் குறையும் தொடங்குகிறது.

டைப் ஆர் 2022இல் விற்பனைக்கு வந்த சில மாதங்களிலேயே உள்நாட்டு முன்பதிவு நிறுத்தப்பட்டது. புதிய ஃபேர்லேடி இசட்டுக்கும் அதே கதிதான். அப்போது சிப்புத் தட்டுப்பாடு இருந்தது, ஆலைகளின் கொள்ளளவு சிறியது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தட்டுப்பாட்டுக் காலத்தில் ஏற்பட்ட பழக்கம் அதன்பிறகும் விடவில்லை. ஒரு காரின் மிகச் சிறந்த வடிவத்தைச் சில நூறு எண்ணிக்கையில் செய்வது, குலுக்கல் நடத்தி விற்பது, குலுக்கலில் வென்றவர் மறு மாதமே இரட்டை விலைக்கு விற்பதைப் பார்த்துக் கைபிசைவது என்று இது ஒரு வழக்கமாகிவிட்டது. நான் மேலே மனமாரப் புகழ்ந்த அதே ரோட்ஸ்டரின் 200 குதிரைத்திறன் கொண்ட 12ஆர் வகை 200 கார்கள் மட்டுமே. விலை 70 லட்சம் யென்னுக்கு மேல். அதைச் செய்தவர்களின் திறமைமேல் எனக்குக் குறையில்லை. ஏணியின் உச்சியில் புதுப் படிகள் சேரும்போதே அடிப்படிகள் கழன்றுகொண்டிருப்பதுதான் உறுத்துகிறது. 64 குதிரைத்திறனோடு, இருபது வயதுக்காரரும் வாங்கக்கூடியதாக இருந்த ஹோண்டா எஸ்660 தன் உற்பத்தியை 2022இல் முடித்துக்கொண்டது. அதற்கு நேரடி வாரிசு இன்னும் வரவில்லை.

ஐரோப்பாவில் நிலைமை உங்கள் கையை மீறியது என்பதை அறிவேன். அங்கு 2024இல் நடைமுறைக்கு வந்த பொதுப் பாதுகாப்பு விதிகளால் ஜி.ஆர்.86 வெளியேறியது, புகை விதிகளால் இசட் அங்கு கால்வைக்கவே இல்லை. ஆனால் உள்நாட்டிலும் அதே காரணத்தை எல்லாவற்றுக்கும் சொல்ல முடியாது. 2023இல் இணையப் பாதுகாப்பு விதிகளுக்காக ரோட்ஸ்டரின் மின்னணு அமைப்பையே மாற்ற வேண்டி வந்தபோது, அந்தச் சிறிய விற்பனைக் காருக்காக மாஸ்டா அந்தச் செலவை ஏற்றது. மனம் இருந்தால் விதிகளோடும் வாழ முடியும் என்பது அப்போது தெரிந்தது. 2022 முதல் சூப்பர் தைக்யூ என்ற ஜப்பானிய நெடுநேரப் பந்தயங்களில் ஜி.ஆர்.86ஐயும் பி.ஆர்.இசட்டையும் கார்பன் சமநிலை எரிபொருளில் ஓடவிட்டுப் பழகியவர்களும் நீங்களே.

புதிய ஹோண்டா பிரெலூட் போல, ஹைப்ரிட் அமைப்பில் கியர் மாறும் உணர்வை மென்பொருளால் உண்டாக்கும் முயற்சிகளை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நெரிசலில் தினமும் இரண்டு மணி நேரம் கழிக்கிறவருக்கு அது நல்ல கார். ஆனால் தவறான கியரைப் போட்டால் கார் முரண்டு பிடிக்க வேண்டும், சரியாகப் போட்டால் இணங்கி வர வேண்டும். நடிப்புக் கியரில் நான் தவறு செய்யவே முடியாது. தவறு செய்ய முடியாத இடத்தில் தேர்ச்சிக்கும் வேலையில்லை.

ஆகவே உங்கள் முன் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். முதலாவது, ஒவ்வொரு ஸ்போர்ட்ஸ் காரிலும் மேனுவல் கியரோடு கூடிய அடிப்படை வகை ஒன்றைக் குலுக்கல் இல்லாமல், காத்திருக்கும் வரிசைப்படி, அந்தத் தலைமுறை முடியும்வரை விற்பனையில் வைத்திருங்கள். சிறப்பு வகைகளை எத்தனை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். ஆனால் அடிப்படை வகைக்கான இடத்தை எடுத்துக்கொண்டு அவற்றைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, ஓட்டுநர் உரிமம் பற்றியது. 1991 முதல் இந்நாட்டில் ஆட்டோமேட்டிக் கார்களுக்கு மட்டுமான உரிமம் இருக்கிறது. இளைஞர்களில் பெரும்பாலோர் அதைத்தான் பெறுகிறார்கள். 2025 ஏப்ரல் முதல் ஓட்டுநர் பள்ளிகளின் பாடத்திட்டமே ஆட்டோமேட்டிக்கை அடிப்படையாகக் கொண்டு, மேனுவலைக் கூடுதல் பாடமாக்கிவிட்டது. உரிமத்தில் ஆட்டோமேட்டிக் மட்டும் என்ற கட்டுப்பாட்டை நீக்கிக்கொள்ளத் தேவைப்படும் பயிற்சியோ குறைந்தபட்சம் நான்கு மணி நேரம்தான். மேனுவல் ஸ்போர்ட்ஸ் கார் வாங்க முன்வரும் எவருக்கும் அந்த நான்கு மணி நேரக் கட்டணத்தை நிறுவனமே ஏற்று, பள்ளிகளோடு ஏற்பாடு செய்து கொடுக்கக்கூடாதா? வாங்க ஆளில்லை என்று கணக்குக் காட்டுவதற்கு முன், வாங்கக்கூடியவரை உருவாக்கும் செலவு எவ்வளவு சிறியது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, உதிரிபாகங்கள். நிசானின் பழைய ஸ்கைலைன் ஜி.டி.ஆர்களுக்கும், முதல் தலைமுறை ரோட்ஸ்டருக்கும், டொயோட்டாவின் பழைய ஏ.இ.86 காருக்கும் நின்றுபோன பாகங்களை மீண்டும் செய்து கொடுத்து நீங்கள் பெரும் நன்றியைச் சம்பாதித்திருக்கிறீர்கள். அவையெல்லாம் பெரும்பாலும் இரும்பும் ரப்பரும் பிளாஸ்டிக்கும். இன்றைய கார்கள் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து நின்றுபோவது துருப்பிடித்ததால் இருக்காது. கட்டுப்பாட்டுக் கணினி ஒன்றோ, கண்முன் உள்ள திரை ஒன்றோ பழுதாகி, அதற்கு மாற்று கிடைக்காததால்தான் இருக்கும். அவற்றின் மென்பொருளையும் சுற்றமைப்பு வரைபடங்களையும் இப்போதே பாதுகாத்து வைத்து, உற்பத்தி நின்றபின் எத்தனை ஆண்டுகள் அவற்றைத் தருவீர்கள் என்பதை விற்பனை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொடுங்கள்.

இம்மூன்றில் எதை ஏற்பீர்கள், எதை ஏற்க இயலாது, ஏன் என்பதைச் சங்கத்தின் சார்பில் பொதுவெளியில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கானகாவாவில் வாழும் ஒரு ரோட்ஸ்டர் உரிமையாளர்