டயல் கேஜோடு ஒருநாள் வன்னிக்கு வாருங்கள்

மதிப்புக்குரிய சேவைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் மின்சாரக் காரின் கோப்பினை நீங்கள் இரண்டு தடவை திறந்து மூடியிருக்கிறீர்கள். பிரேக் பிடித்தால் உதறுகிறது என்ற கதையை இனி முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. போன செவ்வாய்க்கிழமை விடியப்புறம் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மல்லாவியிலிருந்து மாங்குளம் போகும் றோட்டில், வளைவு கழிய, நாலைந்து மாடுகள் தார் சூட்டுக்குப் படுத்திருந்தன. எங்கள் பக்கத்தில் இது புதினமில்லை. பிரேக்கை மிதித்தேன். ஸ்ரியறிங் கையிலிருந்து பறித்துக்கொண்டு போகிற மாதிரி உதறியது. கார் ஒருமாதிரி நின்றது. மாடுகள் எழும்பவும் இல்லை.

உங்கள் இலக்கத்துக்கு அழைத்தேன். தமிழுக்கு எந்த எண்ணை அழுத்துவது என்று சொன்ன குரல் மட்டும் தமிழ். பிறகு வந்தவர் சிங்களத்தில் சொன்னது ஒரே வசனம்: கொழும்புக்குக் கொண்டு வாருங்கள்.

கொழும்பு எனக்கு 300 கிலோமீற்றருக்கு மேல். முதல் தடவை பாடசாலைக்கு லீவு போட்டு, வழியில் இரண்டு இடத்தில் சார்ஜ் ஏற்றி, இரவிரவாக ஓடி வந்தேன். உங்கள் வாசலில் நிற்கும்போது பற்றரி 20 வீதம். உங்கள் ஆள் ஒரு சுற்று ஓடிப் பார்த்துவிட்டு "குறைபாடு இல்லை" என்று எழுதித் தந்தார். அவர் பொய் சொல்லவில்லை. அந்த நேரம் கார் உதறவில்லைத்தான்.

ஏன் என்று எனக்கு வீட்டுக்கு வந்துதான் விளங்கியது. பற்றரியில் இடமிருந்தால் மோட்டாரே காரை இழுத்து நிறுத்தி, அந்த மின்சாரத்தைத் திரும்பப் பற்றரிக்குள் தள்ளும். சில்லோடு சுற்றும் பிரேக் டிஸ்க்குக்குப் பெரிதாக வேலையில்லை. நான் இரவு முழுக்கச் சார்ஜ் போட்டுக் காலையில் புறப்படுகிறவள். நிரம்பிய பற்றரி அந்த மின்சாரத்தை வாங்காது, அப்போது முழுப் பாரமும் டிஸ்க்கில். உங்கள் ஆள் அன்று சோதித்தது மோட்டாரை, பிரேக்கை அல்ல. ஓடுகிற காரை நியூட்ரலில் போட்டு ஒருதரம் பிரேக் பிடித்திருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். "பற்றரி நிரம்பியிருக்கும்போதுதான் உதறுகிறது" என்று படிவத்தில் நான் எழுதியிருந்தேன். தமிழில் எழுதியதுதான் பிழையோ தெரியாது.

இரண்டாம் தடவை முன் டிஸ்க் இரண்டையும், அவற்றை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பாட்களையும் மாற்றினீர்கள். என் ஒரு மாதச் சம்பளம் அந்தப் பில்லுக்குக் காணவில்லை. ஐந்து கிழமை நன்றாக ஓடியது. பிறகு பழைய குருடி கதவைத் திறடி.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு காரை எங்கள் ஊர் கராச்சில் விட்டேன். நீங்கள் காற்று மெஷினால் இறுக்கிய சில்லு நட்டுகளை மெக்கானிக் தம்பி ஏறி மிதித்துத்தான் கழற்றினான். லேத் வைத்திருக்கும் அண்ணையிடம் டயல் கேஜ் என்ற, ஆட்டத்தை ஊசியில் காட்டும் அளவுக் கருவியை இரவல் வாங்கி வந்து, டிஸ்க்கைச் சுற்றி ஊசியைப் பார்த்தான். 0.11 மில்லிமீற்றர் ஆட்டம். தலைமயிர்ப் பருமனை விடக் கொஞ்சம் கூட. டிஸ்க்கைக் கழற்றினால், அது பூட்டியிருக்கும் ஹப்பின் முகத்தில் பொருக்குப் பொருக்காகக் கறள். கார்த்திகை மழையில் இரண்டு கிழமை கார் அசையாமல் நின்றபோது பிடித்தது. "ரீச்சர், டிஸ்க்கில பிழையில்லை, அது இருக்கிற இடத்திலதான் பிழை" என்றான். கறளுக்கு மேல் புது டிஸ்க்கைப் பூட்டினால் அது நேராக இராது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே பக்கம் பிரேக் பாட்களில் உரசி, நாளடைவில் அந்தப் பக்கம் தேய்ந்து பருமன் மாறிப்போகும். உங்கள் ஐந்து கிழமைக் கணக்கு அதுதான். கம்பி பிரஷ்ஷும் எமரித் தாளும் போட்டுத் துடைத்து, டிஸ்க்கை லேத்தில் மெல்லிசாகச் சீவிப் பூட்டியதும் ஊசி 0.03க்கு இறங்கியது. ஸ்ரியறிங் உதறல் போய்விட்டது.

சீற்றில் இன்னும் ஒரு நடுக்கம் இருக்கிறது. அது பின் சில்லு. அங்கே கைபிரேக்கும் மின்சாரத்தில் ஓடுவது. கொம்பியூட்டர் பூட்டித் திருத்த நிலைக்குக் கொண்டுவராமல் பிரேக் பாட்களைக் கழற்றக் கூடாது. அந்தக் கொம்பியூட்டர் உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது. தம்பி கையை எடுத்துவிட்டான். அவன் செய்தது சரி.

ஆகவே கேட்பது இதுதான்: மாதத்தில் ஒருநாள் அந்தக் கொம்பியூட்டரோடும் அளக்கிற கருவியோடும் கிளிநொச்சிக்கோ மாங்குளத்துக்கோ வாருங்கள். அளந்ததை எழுதித் தாருங்கள். இந்த மொடலின் டிஸ்க்குக்கு எவ்வளவு ஆட்டம் வரை விடலாம் என்பதையும் எழுதித் தாருங்கள். அதைக் கேட்டு மூன்று தடவை அழைத்துவிட்டேன்.

வர முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திரும்பத் திறந்த பிறகு, விற்பதற்குக் கூடாரம் அடித்து, பலூன் கட்டி, கிளிநொச்சிக்கு வந்தவர்கள் நீங்கள். மோட்டாரின் கிலோவாற்றுக்கு இவ்வளவு என்று அரசாங்கம் வரி போட்டதே, வன்னி என்று அதில் ஒரு சதம் கழித்ததா? 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று காய்ந்த சனம்தான் இனி அந்த வரிசையே வேண்டாமென்று கடன்பட்டு உங்கள் காரை வாங்கியது. இப்போது பிரேக்குக்கு வரிசையில் நிற்கச் சொல்கிறீர்கள், அதுவும் கொழும்பில்.

கோபத்தில் கூடச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதத்தில் ஒருநாள் வாருங்கள் என்று தயவாகவே கேட்கிறேன். டயல் கேஜ் உங்களிடம் இல்லையென்றால் லேத்து அண்ணை இரவல் தருவார், கேட்டு வைத்திருக்கிறேன். மறக்காமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்படிக்கு,
மல்லாவியிலிருந்து உங்கள் வாடிக்கையாளரான ஆசிரியை ஒருவர்