எந்த ஊர் உடை என்று போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலஸ்தீன, ஜோர்தான், சிரியா உடைகளைப் பாதுகாத்துவரும் ஜோர்தான் தலைநகர் அம்மானின் 'திராஸ்' மையம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முப்பது வருடம் தையல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் முதலில் படங்களைத்தான் பார்த்தேன். பெரிய படத்துக்குக் கீழே 'அரபுப் பெண்ணின் பழைய உடை' என்று மட்டும் இருக்கிறது. எந்த ஊர் உடை?

இஸ்ரேல் உருவான 1948க்கு முன் ஒரு பாலஸ்தீனப் பெண் போட்டிருக்கும் 'தோப்' அங்கியைப் பார்த்தே அவள் எந்தப் பக்கத்துக்காரி என்று சொல்லிவிடுவார்களாம். ராமல்லா என்றால் வெள்ளை லினனில் சிவப்புப் பட்டு நூலால் கிராஸ் ஸ்டிச். பெத்லகேம் வேலை வேறு: ஜரிகைக் கயிற்றைத் துணிமேல் வளைத்துக் கிடத்தி, மெல்லிய நூலால் பிடித்துத் தைப்பார்கள். மஜ்தல் ஊர் நெசவுக்குப் பேர்போனது. அங்கே கருநீலப் பருத்தித் துணியின் ஓரத்தில் பச்சையும் சிவப்புமாகக் கோடு ஓடும் ரகம் ஒன்றுக்கு 'சொர்க்கமும் நரகமும்' என்று பெயர். (எந்தக் கடைக்காரர் வைத்த பெயரோ, இதைவிட நன்றாக வைக்க முடியாது.) 1948 போரில் மஜ்தல் இஸ்ரேல் வசமானது, மிச்சமிருந்தவர்களையும் 1950இல் வெளியேற்றினார்கள். இன்று அந்த இடம் இஸ்ரேலின் அஷ்கெலோன் நகரம். நெசவாளர்கள் காசாவில் போய்த் தறி போட்டார்கள், துணியின் பெயரும் கூடவே போனது.

இன்னொரு திருத்தம். சில உடைகள் 'ஒட்டுப்போட்டுச் சிதைந்தவை' என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். சிதைவு இல்லை அது. மார்புப் பகுதி வேலைப்பாட்டைத் தனித் துண்டாகத் தைத்து அங்கியில் பொருத்துவது அங்கே வழக்கம். அங்கி நைந்துபோனால் அந்தத் துண்டைப் பிரித்துப் புது அங்கியில் வைத்துக்கொள்வார்கள். மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துப் போட்ட எம்பிராய்டரியை யார் தூக்கிப்போடுவார்கள்?

2021இல் யுனெஸ்கோ பாலஸ்தீன எம்பிராய்டரியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததற்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் அந்த மையத்தை உருவாக்கிய விதாத் கவாருக்கு இரண்டே வரி. பெத்லகேமில் வளர்ந்தவர் அவர். 1948, 1967 போர்களில் அகதிகளான குடும்பங்கள் கைச்செலவுக்கு உடைகளை விற்றபோது, வியாபாரிகள் அவற்றை வெட்டிச் சுற்றுலாப் பயணிகளுக்குக் குஷன் உறையும் பையுமாக விற்றார்கள். கவார் முழு உடைகளாகத் தேடி வாங்கினார், 2,000க்கும் மேல். உடை மட்டும் வாங்கவில்லை. தைத்தவள் யார், எந்த ஊர், எதற்காகத் தைத்தாள் என்று அந்தப் பெண்களிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் அது வெறும் துணிக்கிடங்கு.

அப்புறம், இஸ்ரேல் ஆக்கிரமிப்பை எதிர்த்து 1987இல் தொடங்கிய 'இன்டிஃபாதா' என்ற மக்கள் எழுச்சிக் காலத்தில், பாலஸ்தீனக் கொடி பிடிக்கத் தடை இருந்தபோது, கொடியின் நிறங்களையே பெண்கள் அங்கியில் தைத்துப் போட்டுக்கொண்டதைக் கட்டுரையில் காணோம்.

உங்கள் படத்தில் மார்புத் துண்டில் ஜரிகை தெரிகிறது. பெத்லகேம் வேலை என்று என் கண் சொல்கிறது. ஆனால் பெத்லகேம் துண்டை மற்ற ஊர்க் கல்யாணப் பெண்களும் விலைக்கு வாங்கித் தங்கள் அங்கியில் பொருத்திக்கொள்வது உண்டு. மையத்துக்கு எழுதிக் கேட்டு, அடுத்த இதழில் ஊர்ப் பெயரை ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தையல் ஆசிரியை,
ஈரோடு