மூர்த்திக்கு, கடைக் கம்ப்யூட்டர் பற்றி

கோவை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்ததில் ரொம்ப சந்தோஷம். பெயர் வைத்துவிட்டீர்களா, இன்னும் சம்பந்தி வீட்டோடு பேச்சு ஓடுகிறதா? இங்கே எல்லாரும் நலம். எனக்கு முழங்கால் கொஞ்சம் தேவலாம், மாடிப்படிதான் இன்னும் பயமுறுத்துகிறது. சின்னவள் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள், வீடு வெறிச்சென்று இருக்கிறது.

சரி, உன் கடைக்கு வருவோம். கரண்ட் பில் ஏறிவிட்டது, ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலுள்ள கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைகிறது, சர்வீஸ் பையன் ரேம் மாற்றச் சொல்லிக் காசு கேட்கிறான் என்று எழுதியிருந்தாய். காசு கொடுப்பதைத் தள்ளிப்போடு. இலவசமாக கிரிக்கெட் காட்டும் சைட்டைப் பையன்கள் அதில்தான் திறந்து வைக்கிறார்கள் என்று எழுதியதும், பிரவுசரை மூடினாலும் சத்தம் அடங்குவதில்லை என்று எழுதியதும்தான் என்னை உட்கார வைத்து இதை எழுத வைத்தது. தூசி அடைத்திருந்தாலும், விண்டோஸ் அப்டேட் ஓடினாலும் ஃபேன் இரையும்தான். ஆனாலும் எனக்கு முதல் சந்தேகம் திருட்டு மைனிங் மேல், அதாவது யாரோ உனக்குத் தெரியாமல் உன் கம்ப்யூட்டரை வைத்துக் கிரிப்டோ நாணயம் தோண்டுவது.

கிரிப்டோ நாணயம் என்கிறார்களே, அதில் ஒவ்வொரு பரிமாற்றத் தொகுப்பையும் பதிவு செய்ய கம்ப்யூட்டர்கள் ஒரு கணக்குக்கு விடை தேடி ஓயாமல் போட்டுப் பார்க்க வேண்டும். முதலில் விடை கண்டுபிடிப்பவருக்குப் புது நாணயம், இதற்குப் பெயர்தான் மைனிங். பிட்காயினுக்கு அதற்கென்றே செய்த மெஷின் வேண்டும், உன் பெட்டியால் ஆகாது. 2014இல் வந்த மொனேரோ என்ற கிரிப்டோ நாணயம் அப்படியில்லை. கம்ப்யூட்டரின் மூளையான சாதாரண பிராசசரிலேயே ஓடும்படி அமைத்தார்கள், யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதும் வெளியே தெரியாது. திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன?

2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்று ஒரு சேவை வந்தது. பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலில் சில வரிகளை ஒரு சைட்காரர் தன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களின் பிராசசரெல்லாம் அவருக்கு மொனேரோ தோண்டும். கிடைப்பதில் 30 சதவீதம் காயின்ஹைவுக்கு. விளம்பரத்துக்கு மாற்று என்றுதான் சொன்னார்கள். திருட்டு சினிமா இறக்கப் பயன்படும் பைரேட் பே சைட் அதே மாதம் பார்ப்பவர்களிடம் சொல்லாமலே ஓட்டிப் பார்த்தது. 2018இல் சலோன் பத்திரிகை, விளம்பரத்தைத் தடுக்கிறாயா, அப்படியானால் உன் பிராசசரைக் கொஞ்சம் தருகிறாயா என்று கேட்டுவிட்டுச் செய்தது. அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. கேட்காமல் செய்ததுதான் பிரச்சினை, பெரும்பாலானவர்கள் கேட்கவில்லை.

இதில் என்னை எரிச்சல்படுத்தும் சங்கதி ஒன்று உண்டு. 2018 பிப்ரவரியில், பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் பிரவுஸ்அலவுட் என்ற ஒரு கருவிக்குள் யாரோ மைனரை, அதாவது மைனிங் செய்யும் ஸ்கிரிப்டை, செருகிவிட்டார்கள். அந்தக் கருவியை வைத்திருந்த 4,000க்கும் மேற்பட்ட சைட்கள் சில மணி நேரம் மைனிங் செய்தன. பிரிட்டனில் தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஆணையரின் சைட்டே அதில் ஒன்று! அத்தனை பேரின் பிராசசரைச் சுட வைத்துத் தோண்டியது மொத்தம் 24 டாலர் என்று காயின்ஹைவே பிற்பாடு சொன்னது. அதையும் செருகியவனுக்குக் கொடுக்கவில்லையாம். திருடனுக்குக் கிடைப்பது சில்லறை, அதற்கு எத்தனை பேர் கரண்ட் பில் கட்டியிருப்பார்கள், பார். அதே வருடம் ஆந்திராவில் திருப்பதி மாநகராட்சி சைட்டிலும் இந்த மாதிரி ஸ்கிரிப்ட் இருந்ததாகச் செய்தி வந்தது. ஆகவே கண்ட சைட்டுக்குப் போகாவிட்டால் போதும் என்றும் சொல்வதற்கில்லை.

2019 மார்ச்சில் காயின்ஹைவ் மூடிவிட்டது. மொனேரோ விலை சரிந்ததும், அதன் கணக்கு முறையை மாற்றியதும் காரணம். அந்த வருடக் கடைசியில் வந்த புது முறை பிரவுசருக்குச் சரிப்பட்டு வரவில்லை. அப்புறம் இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது, ஒழிந்துவிடவில்லை. திருட்டு சினிமா, திருட்டு மேட்ச் காட்டும் இடங்களில் கொஞ்சம், கிராக் செய்த சாஃப்ட்வேரோடு ஒட்டிக்கொண்டு வருவது நிறைய.

இனி நீ செய்ய வேண்டியது. இரையும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்து, டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு (பிராசசர்தான்) என்ற பத்தியின் தலையைத் தட்டினால் அதிகம் தின்பது மேலே வரும். அது குரோம் என்றால், குரோமுக்குள் போய் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்து. எந்த டேப் தின்கிறது என்று பெயரோடு காட்டும், மூடிவிடு. பிரவுசரை மூடியும் சத்தம் நிற்கவில்லை என்றாயே, 2017இலேயே ஒரு தந்திரம் கண்டுபிடித்தார்கள்: திரையின் வலது கீழ் மூலையில் கடிகாரம் இருக்கிறதல்லவா, அதன் பின்னால் ஒரு குட்டி ஜன்னல் ஒளிந்துகொண்டு ஓடும். டாஸ்க்பாரில் குரோம் படத்தின் அடியில் கோடு இன்னும் இருக்கிறதா என்று பார். குரோம் செட்டிங்கில், மூடிய பிறகும் பின்னணியில் ஓட விடுவதற்கு ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதையும் அணைத்துவிடு.

இன்னொன்று. டாஸ்க் மேனேஜரைத் திறந்த நொடியே ஃபேன் சத்தம் சட்டென்று அடங்கி, மூடியதும் மறுபடி கிளம்பினால், அது சைட் அல்ல, உள்ளேயே குடியேறிய மைனர். மாட்டிக்கொள்ளக் கூடாதென்று அதைத் திறந்ததும் ஒளிந்துகொள்ளும்படியே சில எழுதப்பட்டிருக்கின்றன. அப்போது விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டரில் ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டு. உன் டிசைன் சாஃப்ட்வேர் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, உனக்கே தெரியும்.

பையன்கள் உட்காரும் மெஷினில் ஃபயர்ஃபாக்ஸ் போட்டுக் கொடு. 2019 முதல் அது தெரிந்த மைனர்களைத் தானாகவே தடுக்கிறது. அதில் யூபிளாக் ஆரிஜின் எக்ஸ்டென்ஷனையும் சேர்த்துவிடு, விளம்பரத் தொல்லையும் போகும். குரோம்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால், அதில் இப்போது யூபிளாக்கின் லைட் வடிவம்தான் ஓடும், பரவாயில்லை. நோட்டிஃபிகேஷன் அனுமதி கேட்கும் எதற்கும் சரி சொல்லாதே என்று அவர்களிடம் கண்டிப்பாகச் சொல்.

இவ்வளவும் பார்த்தும் இரைந்தால் பெட்டியைத் திறந்து தூசி ஊது, ரேம் எல்லாம் அதற்கப்புறம்.

தை மாதம் தஞ்சாவூரில் ஒரு கல்யாணம் இருக்கிறது. அப்படியே உன் பக்கம் எட்டிப் பார்க்கலாம் என்று யோசிக்கிறேன், பேரனையும் பார்த்த மாதிரி இருக்கும். நீ ஊரில் இருப்பாயா, எழுது. டாஸ்க் மேனேஜரில் மேலே என்ன பெயர் நின்றது என்பதையும் அப்படியே எழுத்துக்கு எழுத்து குறித்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு